ஒரு மடக்கு உப்புத் தண்ணீர்

நாலு வருஷத்துக்கு முன், ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு வாரத்தில், தேவதானம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது இது.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். டாக்டருக்குப் படித்துவிட்டுக் கடல் கடந்து போய் முப்பது வருஷமாகிறது. அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் பொது சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த முறை ராஜபாளையத்தில் அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அக்காவுக்குத் தெரிந்த கிராம சுகாதார நர்ஸ் தேடி வந்தார்.

"எங்க ஊர்ல பிள்ளைகளுக்கு வயித்தால போகுது மேடம். நாங்க சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டேங்காங்க. நீங்க வந்து செத்த நேரம் பேசுனாப் போதும்."

"வாரேன்" என்றேன்.

உடம்புதான் ஊர் வந்திருந்தது. உறக்கம் இன்னும் வந்து சேரவில்லை. கார் போகும்போது மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. தோப்புகளில் தேங்கிய தண்ணீரில் தென்னைகள் தலைகீழாக அசைந்தன. சமுதாயக்கூடம் நிறையப் பெண்கள். நான் பேச ஆரம்பித்ததும் நர்ஸ் பக்கத்து வீடுகளில் நாற்காலி கேட்டு வாங்கப் போய்விட்டார். என் குரலே பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல் எனக்குக் கேட்டது. வருஷக்கணக்காகச் சொல்லும் பாடம்தானே, வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. கைதட்டினார்கள்.

முடித்து, நர்ஸ் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் துவண்ட குழந்தையும் கையில் டம்ளருமாக ஒரு பெண் வந்தாள்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்கிடாதீங்க. இத ஒரு மடக்குக் குடிச்சுப் பாருங்க."

குடித்தேன். தொண்டை எரிந்தது.

"ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் சீனின்னுதான சொன்னிய? நாந்தான் தப்பாக் கேட்டுட்டனோ என்னவோ. வாயில வச்சுப் பாத்தேன். பிள்ளைக்குக் குடுக்க மனசு வரல."

ஆறு ஸ்பூன் சீனி, அரை ஸ்பூன் உப்பு. நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன்! அம்புட்டு உப்பு அந்தக் குழந்தையின் உயிரையே எடுத்திருக்கும். மிதந்துகொண்டிருந்தவளை யாரோ தரையில் போட்டதுபோல் இருந்தது.

"நீ சரியாத்தாம்மா கேட்டிருக்க. தப்பு என்னோடது" என்றேன். நர்ஸிடம் இருந்த உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைப் பிரித்துக் கலக்கி, முதலில் நான் குடித்துப் பார்த்து, பிறகு அவளிடம் கொடுத்தேன். ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள். குழந்தை சப்புக்கொட்டியது.

அப்புறம் மூவரும் சேற்றை மிதித்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஏட்டி, கலக்குனதக் கீழ ஊத்து. அவிய தூக்கக் கலக்கத்துல மாத்திச் சொல்லிட்டாவ." அதில் கேலியே இல்லை. சொந்தக்காரிக்குப் பரிந்து பேசுவதுபோல் சொன்னாள். ஒரு வீட்டில் செம்பு நிறையக் கலக்கித் தட்டுப் போட்டு மூடியிருந்தார்கள். தொட்டிலில் தூங்கும் பிள்ளை எழுந்ததும் கொடுக்கலாம் என்று காத்திருந்தார்களாம். அதை வாங்கி நானே தெருவில் கொட்டினேன்.

அவள் குழந்தையும் அந்தத் தொட்டில் பிள்ளையும் தேறிவிட்டதாக மூன்றாம் நாள் நர்ஸ் போனில் சொன்னபோது, அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் பிள்ளைகளை என்னிடமிருந்து காப்பாற்றியவள் ஒரு தாய் என்று வருஷாவருஷம் புது மாணவர்களிடம் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் என் குரல் இடறத்தான் செய்கிறது.