மூழ்க மறுத்த நாவல் வேர்

எண்பதுகளின் தொடக்கத்தில் வடக்குப்பட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்த ஒரே ஆள் நான்தான். பட்டணத்தில் ஒரு கம்பெனியில் பிட்டர் வேலை. விடியும்போதே சைக்கிள் மிதித்து சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலைப் பிடித்தால், பொழுது சாய்ந்துதான் வீடு. ஆசை ஆசையாக வாங்கி வந்த மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போக, ஒருநாள் என் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு மீன் செத்துதுன்னா தொட்டிய பரண்ல ஏத்திடுவேன். தெனமும் பொணம் எடுக்க என்னால ஆவாதுங்க."

மிச்சம் இருந்தவை இரண்டு ஏஞ்சல் மீன்கள். பெரியது சின்னதை ஓயாமல் துரத்தியது. வால் கிழிந்து, சின்னது ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தது. அது ஒளிய ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். ஏஞ்சல் உயரமான மீன், சட்டிக்குள் நுழைய முடியவில்லை. கிளை கிளையாக ஏதாவது இருந்தால் நடுவில் ஒதுங்கிக்கொள்ளும். ஏரி வற்றிய இடத்தில் அப்படியே ஒரு நாவல் வேர் கிடைத்தது. கழுவிக் காயவைத்து உள்ளே போட்டேன். அது மேலே வந்து சொகுசாக மல்லாந்து படுத்துக்கொண்டது.

நான் பிட்டர் ஆயிற்றே, விடுவேனா? ஓர் இரும்புப் பட்டையை வேரின் அடியில் வைத்துத் திருகாணி போட்டு முடுக்கினேன். மூழ்கியது. மூன்றாம் நாள் தண்ணீர் துருவேறிச் சிவந்தது. இரும்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கருங்கல்லைச் சணலால் கட்டினேன். வேர் அடியிலேயே நின்றது. சில நாளில் சணல் அழுகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேர் விசுக்கென்று எழும்பி மூடியை இடித்தது. மிரண்ட பெரிய மீன் சின்னதன் மேலேயே பாய்ந்தது. சின்னதை அள்ளி ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டேன். ஜாடியில் எத்தனை நாள் தாங்கும்? கோபம் தலைக்கேறி, வேரை அடுப்பில் வைத்துவிடுவேன் என்று கத்தினேன்.

அவள் அதை என் கையிலிருந்து வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

"நெல்லு ஊறவெக்கும்போது பதரு இன்னாத்துக்கு மெதக்குது? உள்ள காத்து. இதுக்குள்ளயும் காத்துதான் கீது. அத தொரத்தாம கல்ல கட்னா இன்னா பிரயோஜனம்?"

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தொழில் படித்த எனக்கு இது தோன்றவே இல்லை.

நெல் அவிக்கும் அண்டாவைப் பின்கட்டில் வைத்தாள். வேரைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, மேலே ஏதோ பாரம் ஏற்றி மூடினாள். தினமும் சாயம் இறங்கித் தண்ணீர் தேநீர் நிறமாகும். அதை முருங்கைக்கு ஊற்றிவிட்டு மறுபடி கொதிநீர். ஜாடித் தண்ணீரையும் அவளே காலை மாலை மாற்றினாள். நான் செய்தது, வந்ததும் "ஆச்சா?" என்று கேட்டது மட்டும்தான். இன்னொன்றும் செய்தேன். வீடு திரும்பும்போதெல்லாம் அவள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாளே என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"எப்பப் பாரு அவுங்க வூட்லயே கீறியே, இன்னா பேச்சு அப்படி?"

"வேல கீது" என்றாள். அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து வேரைத் தொட்டியில் விட்டாள். ஒரு கணம் தயங்கியது. இரண்டு குமிழி விட்டது. பிறகு மெல்ல இறங்கி மணலில் உட்கார்ந்துகொண்டது. கல்லும் இல்லை, கயிறும் இல்லை. ஜாடியிலிருந்து விட்டதும் சின்ன மீன் நேராகக் கிளைகளுக்கு நடுவில் போய் நின்றது. பெரியது இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு விலகிப் போனது. எனக்குக் கூத்தாட வேண்டும் போல இருந்தது. இவளை மாதிரி ஒரு ஆள் எங்கள் கம்பெனியில் இருந்தால் சூப்பர்வைசரே தேவையில்லை என்று சொல்லத்தான் பின்கட்டுக்குப் போனேன்.

அவள் அண்டாவுக்குள் கைவிட்டு எதையோ இரண்டு கையாலும் தூக்கினாள். எங்கள் அம்மிக் குழவி. காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தது. பக்கத்தில் அம்மி வெறுமனே கிடந்தது, மூன்று வாரமாக அப்படித்தான் கிடந்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை.

"அப்போ இத்தினி நாளா மசாலா எங்க அரைச்ச?"

அவள் முகவாயால் பக்கத்து வீட்டைக் காட்டினாள்.

"நீங்க கட்ன கல்லு சின்னது, மேல நிக்கல. வேற கனமா ஒண்ணும் கெடைக்கலங்க. மீனு பொழைக்கணும்னீங்களே."

பரணில் ஏற்றிவிடுவேன் என்றவளும் இவள்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குழவியை வாங்கிச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கறை போகவில்லை. "வுடுங்க, அரைக்க அரைக்கப் போய்டும்" என்றாள். மிளகாயை எடுத்து வரச் சொல்லிவிட்டு, அம்மியின் முன்னால் நான் உட்கார்ந்தேன்.