சேர்ந்து நோன்பு திறக்க ஒரு மனு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷினில் தைப்பவர் அந்த அக்கா. ஏழு வருடப் பழக்கம். அவருடைய தம்பி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவன், அங்கே நம் நாட்டுக்கு எதிராக ஆயுதம் எடுத்த கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். திரும்பி வந்ததும் பிடித்தார்கள், தண்டனையும் ஆனது. அக்கா அதைப் பற்றிப் பேசமாட்டார். நானும் கேட்டதில்லை. என் அண்ணன் ராணுவத்தில் இருந்தவன், எல்லையில் இரண்டு விரல்களை இழந்து வீட்டுக்கு வந்தவன்.

போன ரம்ஜானில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு மனு எழுதிக் குடுக்கிறியாம்மா? உனக்கு எழுத்து நல்லா வரும்."

"இன்னா மனுக்கா?"

"ஜெயில்ல மத்தவங்க ஒண்ணா உக்காந்து நோன்பு தொறக்கிறாங்க. இவன் தனி ரூம்ல இருக்கான். கஞ்சி மட்டும் உள்ள வருதாம். அந்த ஒரு மணி நேரம் அவங்களோட உக்கார விடணும்னு கேக்கணும்."

வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அக்காவின் முகம் வாடிப்போனது. யாரிடம் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும்.

அன்று இரவு அண்ணனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நாலு பேரோட கஞ்சி குடிக்கிறதுல நாட்டுக்கு இன்னா ஆவப்போவுது? எழுதிக் குடு" என்றான். எழுந்து வாசல் வரை போனவன் நின்றான். "எழுதிட்டேன்னு எங்கிட்ட வந்து சொல்லாத."

சம்மதமா கோபமா என்று புரியாமலே எழுதினேன். தண்டனையைக் குறைக்கக் கேட்கவில்லை என்று ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். அது யாருக்காக என்று இன்றும் தெரியவில்லை.

ஒரு வாரத்தில் அனுமதி கிடைத்தது. தம்பியைப் பார்த்துவிட்டு வந்த அக்காவிடம், "உக்காந்தானாக்கா?" என்று கேட்டேன்.

"உக்காந்தான். மத்தவங்க தட்டை எடுத்துக்கினு தள்ளிப் போய்ட்டாங்க. கொலை கேசுல இருக்கிறவங்களும்தான். மூணு நாளும் அப்படித்தான்."

"எதுக்காம்?"

"அவங்க பேரும் கெட்டுடும்னு. தப்பு சொல்ல முடியலம்மா. எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு சொந்தக்காரங்களே வரல."

அவனுக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன். அதே நேரத்தில் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினேன். இரண்டும் ஒருத்திக்குள் எப்படி இருக்கும்?

அக்கா பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "இன்னொண்ணு எழுதணும். பழையபடி தனி ரூம்லயே கஞ்சி குடுக்கச் சொல்லி."

"காரணம் இன்னா போடறது?"

"ஒண்ணும் போடாத. அவனே கேக்கிறான்னு எழுது."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். மனு போன மறுநாளிலிருந்து அவன் தனியாகவே நோன்பு திறந்தானாம்; அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் அக்கா சொன்னார். முதல் மனுவை எழுதியது தப்பா, இரண்டாவதை எழுதியது தப்பா என்று அக்காவிடம் கேட்க நினைத்தேன். பெல் அடித்துவிட்டது. இருவரும் மெஷினுக்குத் திரும்பினோம்.