கிணற்றடியில் தாட்ட தையல் மெஷின்

புத்தூரில் ஒரு வாழைத்தோட்டத்தில் கனிமப் படிவு தேடிக்கொண்டிருந்தோம். மண்ணுக்குள் மின்காந்த அலை அனுப்பிப் பார்க்கும் கருவி என் தோளில் தொங்கியது. கிணற்றடியில் கருவி காட்டிய அளவு திடீரென்று எகிறியது. உலோகம்தான். போர்க்காலத்தில் வெடிக்காமல் புதைந்த எறிகணையோ என்று பயந்து பின்வாங்கினேன்.

உலோகம் என்று நான் சொன்னது கேட்டுத் தோட்டத்துச் சொந்தக்காரியான அம்மா ஓடிவந்தார்.

"தம்பி, உது என்ரை தையல் மெஷினாயிருக்கும். சண்டைக்கை இடம்பெயரேக்கை மண்ணுக்குள்ளை தாட்டனான். திரும்பி வந்து எத்தினை இடம் கிண்டினன்!"

ஆனாலும் கண்ணிவெடி அகற்றுபவர்களை அழைத்தோம். அவர்கள் கவனமாகத் தோண்டி எடுத்தது மெஷினைத்தான். துருவேறிய சக்கரம் அசையவில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது.

அம்மா சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்தார்.

"ஓடாட்டிலும் பரவாயில்லை. இதிலை தைச்சுத்தான் மூண்டு பிள்ளையளையும் வளத்தனான்."

அதை நாங்களே தூக்கிப்போய் வீட்டுக்குள் வைத்தோம்.