சிலிண்டருக்கு எஃப்.சி.

பழைய இரும்புச் சிலிண்டர் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் காற்றுச் சிலிண்டர் அது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளைக் கணக்கெடுப்பது என் வேலை. அதுவரை இரவல் சிலிண்டர்தான். யாராவது வராத அன்றைக்குத்தான் என் முறை. மற்ற நாளெல்லாம் படகில் உட்கார்ந்து, மேலே வருகிறவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு அது ஆகவே ஆகாது. சொந்தமாக ஒன்று இருந்தால் தினமும் இறங்கலாம்.

ஒரே தடை, அதன் சோதனைத் தேதி முடிந்திருந்தது. புது முத்திரை இல்லாமல் யாரும் காற்று அடைக்க மாட்டார்கள். தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். தேறினால் கழுத்தில் தேதியைக் குத்தித் தருவார்கள். தேறாவிட்டால் அறுத்துத்தான் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஒரு வாரம் அதை ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டில் விட்டு வைத்தேன். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் அடி முதல் கழுத்து வரை நீல நிறத்தில் பளபளக்கிறது. டிராக்டர் டிரெய்லருக்கு அடித்து மிச்சமிருந்த பெயிண்டை அய்யா, அதாவது என் அப்பா, இரண்டு கோட் அடித்திருந்தார்.

"எஃப்.சி.க்குப் போறப்ப பெயிண்ட் அடிக்காம யாருத்தா போவா?" என்றார்.

நியாயம்தானே. ஓடத் தகுதியான வண்டிதான் என்று எஃப்.சி. சான்றிதழ் வாங்க டிரெய்லரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் கொண்டுபோவார். நானும் அதன் அழகில் மயங்கி போட்டோ எடுத்தேன். தானும் வருவதாகச் சொல்லி அவரும் பஸ் ஏறினார்.

பட்டறையில் சோதிக்கிறவர் சிலிண்டரின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். "நம்பர் எங்கம்மா?"

செதுக்கியிருந்த எண்கள் எல்லாவற்றையும் பெயிண்ட் அடைத்திருந்தது. நம்பர் தெரியாமல் சோதனைக்கு எடுக்க முடியாது என்றார். "இப்படிப் பூசிக் கொண்டாந்தா எதையோ மறைக்காங்கன்னுதாம்மா நினைப்போம்."

எனக்கு வந்ததே கோபம். "இதைத் தொடச் சொல்லி உங்ககிட்ட யாரு கேட்டா?" என்று நாலு பேர் முன்னால் அய்யாவிடம் கத்திவிட்டேன்.

அவர் தின்னரும் கந்தல் துணியும் கேட்டு வாங்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துச் சொன்னார். கடைசி எண் வருவதற்குள் என் கோபம் இறங்கிவிட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

உள்ளே சின்ன பல்பை விட்டுப் பார்த்தார்கள். துரு இல்லை. தண்ணீர் நிரப்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி மூடி அழுத்தம் கொடுத்தார்கள். தொட்டியோடு இணைத்திருந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மளமளவென்று ஏறியது.

"சிலிண்டர் உப்புது அண்ணாச்சி. அழுத்தத்தை விட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கணும். சுருங்கலைன்னா அறுக்க வேண்டியதுதான்," என்று சோதிக்கிறவர் அய்யாவிடம் சொன்னார்.

அழுத்தத்தை விட்டார். தண்ணீர் இறங்கியது. பாதியிலேயே நின்றுவிடுமோ என்று குழாயை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். நிற்கவில்லை. புறப்பட்ட கோட்டுக்கே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

"பாஸ்," என்றார்.

வயதை மறந்து குதித்தேன். சுத்தியல் விழ விழ, கழுத்தில் மாதமும் வருடமும் பதிந்தன. அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்லூரிப் பட்டம் வாங்கியபோதுகூட இல்லை.

அய்யா மெதுவாகச் சொன்னார். "நீ வாங்கியாந்த அன்னைக்கே இது ஆகாதுன்னு இவுக சொல்லிறணும்னு வேண்டிக்கிட்டேன்த்தா. நீ கடலுக்குள்ள போறது எனக்குப் பயமா இருக்கு."

"அப்புறம் எதுக்குப் பெயிண்ட் அடிச்சீக?"

"பாஸாகணும்னு நீ தவிச்சியே. அதைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலத்தா."

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"காத்து எங்கன அடைக்கிறாக? இன்னைக்கே அடைச்சிருவமா?"