சோபாக் கடை மேனேஜர்

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வேலை பார்க்கிற சோபாக் கடையில் மட்டும் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அங்கே மொத்தமே முதலாளியும் அத்தானும்தான். காலையில் கடையைத் திறந்து, சோபாக்களைத் துடைத்து, வருகிறவர்களை உட்கார்ந்து பார்க்கச் சொல்லி, அவர்கள் வாங்காமல் எழுந்து போனதும் மறுபடி துடைப்பார். இந்த வேலைக்கு முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அதில் ஒன்று எழுதாது. வீட்டில் ஆடாமல் நிற்கிற நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது.

அக்கா சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக் கொண்டுவருகிற காசில்தான் அடுப்பெரிந்தது. அதைப் பற்றி அத்தான் வெளியில் மூச்சு விடமாட்டார். "வீட்ல சும்மா இருக்க போரடிக்குதாம், அதான் போறா" என்பார். எனக்கு வாயில் நன்றாக வந்துவிடும். அக்கா முகத்துக்காக அடக்கிக்கொள்வேன்.

அவர்கள் மகள் கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பூனைக்குக் கட்டுப் போட என் புதுத் துண்டைக் கிழித்தவள் அவள். அந்தப் படிப்புக்கு இடங்கள் குறைவு. ஒரே கல்லூரியை நம்ப முடியாது, ஆறேழு இடத்திலாவது விண்ணப்பம் போட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் விண்ணப்பத்துக்கே தனியாகக் காசு கேட்டது. இடம் கிடைக்காவிட்டாலும் திரும்பி வராத காசு. வீட்டில் இருந்தது ஒரு கல்லூரிக்குத்தான் காணும். அந்த ஒன்றை மேனேஜர் தேர்ந்தெடுத்தார். பேரைச் சொன்னாலே எதிர்வீட்டுக்காரர் வாயைப் பிளக்கிற கல்லூரி. தன் மதிப்பெண்ணுக்கு அது எட்டாது என்று அவளே சொல்லிப் பார்த்தாள்.

"அங்க அப்ளை பண்ணிருக்கோம்னு சொல்றதே ஒரு கெத்துதானம்மா" என்றார்.

இடமில்லை என்று சீக்கிரமே பதில் வந்தது. கெத்து மட்டும் மிஞ்சியது.

மற்ற கல்லூரிகளில் வேறு வழி இருந்தது. சம்பளம் குறைவு என்று அப்பா வேலை பார்க்கிற இடத்திலிருந்து ஒரு சான்று கொடுத்தால் விண்ணப்பத்துக்குக் காசு வேண்டாம். சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் பாதிதான். இதைச் சொன்னதும் மேனேஜர் தையத்தக்கா என்று குதித்தார்.

"இந்தத் தெருவுக்கே நான் மேனேஜர்னு தெரியும். நான் பிச்சைக்காரன்னு சீட்டு வாங்கிட்டு வரணுமா?"

அக்கா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் வழிக்கு வந்தார். சான்றில் முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. சம்பளமும் உள்ளபடியே இருந்தது. பதவி என்ற இடத்தில் மட்டும் 'பொது மேலாளர்'. முதலாளியிடம் கெஞ்சி எழுதி வாங்கியிருக்கிறார். முதலாளிக்கென்ன, கைக்காசு செலவில்லாத பதவி உயர்வு. தாராளமாகக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாளின் நகலைத்தான் மகள் கல்லூரி கல்லூரியாக அனுப்பினாள். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. பொது மேலாளருக்கு இந்தச் சம்பளமா, நம்பும்படி இல்லை, காசு கட்டினால் பார்க்கலாம் என்று பதில். இவர் ஜம்பத்துக்கு அந்தப் பெண்ணின் படிப்பா கிடைத்தது?

ஒரே ஒரு கல்லூரி மிச்சமிருந்தது. அதற்கும் அன்றுதான் கடைசி நாள். வேறு சான்று வாங்கலாமென்றால் முதலாளி வெளியூர் போயிருந்தார். நேரில் போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கவுன்டரில் இருந்த அம்மாள் தாளை இரண்டு தடவை படித்தார். "பொது மேலாளர்னு போட்டிருக்கே?"

"அப்பா சோபா விக்கிறவர்தான் மேடம். அது சும்மா எழுதினது."

"நீ சொன்னா ஆச்சா? கடையில சொல்லட்டும்." தாளில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, வேறு தாள்களில் முத்திரை குத்த ஆரம்பித்தார்.

கடையில் போனை எடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?

"ஹலோ, ஜெனரல் மேனேஜர் பேசுறேன்."

"காலேஜ் ஆபீஸ்ல இருந்துங்க. ஒரு சம்பளச் சான்று விஷயம். மேனேஜருக்கு அங்க சம்பளமெல்லாம் எப்படி?"

"அதெல்லாம் நல்லாவே குடுக்கறாங்க மேடம். ஒரு குறையும் இல்ல."

அந்த அம்மாள் முத்திரையைக் கீழே வைத்தார். தாளை எங்கள் பக்கம் தள்ளினார். அத்தான் மட்டும் எதிரில் இருந்திருந்தால் அன்று என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அவள் போன் பக்கம் குனிந்தாள்.

"அப்பா, நான்தான். இங்கதான் நிக்கிறேன். இதுதான்பா கடைசி காலேஜ்."

போனில், சோபாவிலிருந்து எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. பிறகு வந்த குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"மேடம், மேனேஜர்னு இங்க யாரும் இல்லீங்க. நான் சோபா துடைக்கிறவன். அதுல போட்டிருக்கற சம்பளம் நிஜம்தான். அதுவும் பாதி மாசம் லேட்டாத்தான் வரும்."

அந்த அம்மாள் தாளைத் திரும்ப இழுத்து முத்திரை குத்தினார். அந்தக் கல்லூரியில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது.

செய்தி வந்த அன்று எதிர்வீட்டுக்காரர் வாசலில் விசாரித்தார். மேனேஜர் முழுக்கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"அவங்களே கடைக்குப் போன் போட்டாங்க. என்கிட்டதான் பேசினாங்க. நான் ஒரு வார்த்தை சொன்னேன், முடிஞ்சுது."

மகள் உள்ளே கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்த மனுஷன் தெருவில் சொன்னதில் பொய் இல்லை.