உசிரோட இருக்கேன்னு காட்டப் போன நாளு

அப்பா, சிங்கள ஆளுங்க பொலிஸ்காரரக் கூப்புடுற மாதிரி தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாரும் ஒங்கள ராலாமின்னுதான் கூப்புடுவாங்க. நுவரெலியாவுல கான்ஸ்டபிளா இருந்து பென்சன்ல வந்தவருக்கு வேற என்ன பேரு வைப்பாங்க? எனக்கு மட்டும் நீங்க அப்பா. இப்ப எத்தன தடவ கூப்புட்டாலும் என்ன புள்ளன்னு கேக்க நீங்க இல்ல.

அம்மா செத்ததும் நான் மூணாம் வகுப்போட நின்னுட்டேன். பெறகு தேயிலக் கொழுந்து பறிக்கப் போனேன். தம்பி மட்டும் ஹட்டன்ல தங்கிப் படிக்கிறான். அவன் படிப்பு ஒங்க பென்சன்லதான் ஓடுச்சு.

வருசத்துக்கு ஒருக்கா, பென்சன் வாங்குறவரு உசிரோட இருக்காருன்னு நுவரெலியா கந்தோருக்கு, அந்தக் கவுர்மெண்டு ஆபீசுக்குப் போயி, ஒரு தாள்ல பெரிய ஐயாகிட்ட கையெழுத்து வாங்கணும். இல்லன்னா காசு நின்னுரும். அன்னைக்கு நீங்க கல்யாணத்துக்குப் போற மாதிரி சவரம் பண்ணி, பழைய பெல்ட்டத் தொடச்சுக் கட்டுவீங்க. பீலியில தண்ணி புடிக்கிற பக்கத்து வீட்டு மாமா சும்மா விட மாட்டாரு.

"என்ன ராலாமி, இந்த வருசமும் சாகலியா? கவுர்மெண்டு பாவம்யா."

"ஒன்ன ஒருக்கா உள்ள தூக்கிப் போடாம போக மாட்டேண்டா"ன்னு சிரிச்சுக்கிட்டே நடப்பீங்க.

இந்த வருசம் தாளு வந்தப்ப ஒங்களுக்கு நெஞ்சுல சளி. காய்ச்ச வேற. ரெண்டு நாளா கம்பளிய விட்டு எழும்பல. அடுத்த கெழம போவோம் புள்ளன்னு சொன்னீங்க. எனக்குத் தம்பிக்குக் கட்டுற காசுதான் தலைக்குள்ள நின்னுச்சு.

"இப்புடியே படுத்துக் கெடந்தா தம்பி கையிலயும் தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்திதாம்ப்பா"ன்னுட்டேன்.

நீங்க எழும்பி சவரம் பண்ணுனீங்க. கன்னத்துல வெட்டிக்கிட்டீங்க. அந்த ரத்தத்த நான்தான் முந்தானையில தொடச்சேன். அப்பவாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கலாம்.

நம்ம ராகலையில இருந்து பஸ்ல நின்னுக்கிட்டே போனோம். நுவரெலியாவுல சரியான மழ. கந்தோரு வராந்தாவுல ஒக்கார்ற வாங்கு காலியாத்தான் இருந்துச்சு. ஒக்காருங்கப்பான்னேன். பெரிய ஐயாமாரு முன்னுக்கு நான் ஒக்காந்ததில்ல புள்ளன்னுட்டீங்க. நனஞ்ச கோட்டோட மத்தியானம் வரைக்கும் நின்னீங்க. உள்ள கூப்புட்டதும் சலூட் அடிச்சீங்க. அந்த ஐயா நிமிந்து ஒருக்கா பாத்தாரு, கையெழுத்துப் போட்டாரு. அவ்வளவுதான்.

நாலாம் நாளு நான் தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கையில நீங்க போயிட்டீங்க.

கருமாதி முடிஞ்சு அதே கந்தோருக்குப் போயி, அப்பா எறந்துட்டாருன்னு சொன்னேன். அதே ஐயாதான். தம்பிக்கு ஏதாச்சும் கெடைக்குமான்னு கேட்டேன், எழுதிக் குடுக்கச் சொன்னாரு. குடுத்திருக்கேன், பதிலு வரல. எப்புடி செத்தாருன்னு கேட்டாரு. சளியும் காய்ச்சலுமா படுத்துக் கெடந்தவர மழையில இங்க கூட்டியாந்தேன்னு சொன்னேன். பேனாவ வச்சிட்டாரு.

"படுக்கையில கெடக்குறவங்கள நாங்க வரச் சொல்றதில்லம்மா. ஒங்க தோட்டத்து டொக்டரே வீட்டுல வந்து பாத்து எழுதிக் குடுத்திருக்கலாமே."

அந்த டொக்டரு இருக்குற தோட்டத்து மருந்து வீடு நம்ம லயத்துக்கு அடுத்த வளவுலதான் இருக்கு. நான் ஒரு வார்த்த போயி கேக்கல. ஊருக்கே சட்டம் சொன்ன நீங்களும் கேக்கலியேப்பா. ஆளு நேர்ல போயி நிக்கணும்னே இத்தன வருசமும் நெனச்சிருந்தோம்.

இத வாசிக்கிறவங்க மாரியம்மன் கோயிலுக்குப் போறவங்களா இருந்தாலும் சரி, மாதா கோயிலுக்குப் போறவங்களா இருந்தாலும் சரி, எங்கப்பாவுக்காக ஒருக்கா கும்புடுங்க. போன எடத்துலயாச்சும் யாராவது அவர ஒக்காரச் சொல்லணும்னு கேளுங்க.