வாயில் வந்த வெள்ளை

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளை மடுவத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளையைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள். முழங்கையிலும் முட்டியிலும் தலையிலும் எனக்குச் சொரியாசிஸ். தோல் சிவந்து தடித்து வெள்ளைச் செதிலாக உதிரும். தொற்றாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வெயில் நாளிலும் நீளக் கை ஸ்வெட்டரோடுதான் இருந்தேன்.

கண்டியில் தோல் கிளினிக்குக்குப் பல வருடங்களாகப் போய்க்கொண்டிருந்தேன். களிம்புகள் பூசியாயிற்று. மாத்திரை ஈரலுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் டாக்டரம்மா ஊசிக்கு மாற்றினார். மூன்றாவது மாதம் என் முழங்கை மற்றவர்கள் முழங்கையைப் போல ஆகிவிட்டது. அரைக் கை வைத்து இரண்டு சட்டை தைத்துப் போட்டேன். அதையும் பார்த்தார்கள். எப்படிக் குணமானது என்று கேட்டவர்களிடம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னேன். ஊசி என்றால் என்ன ஊசி, எதற்கு ஊசி என்று கதை வளரும். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரரிடம்கூட மருந்தை மாற்றிவிட்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் தேங்காய்ச் சம்பல் நாக்கில் நெருப்பாகப் பட்டது. கண்ணாடியில் பார்த்தேன். நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளை. துணியால் துடைத்தால் அடியில் சிவப்பாக இருந்தது.

அதே வாரம், மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து வரும் எட்டு மாதக் குழந்தையின் வாயிலும் வெள்ளை கண்டது. நான் பேசும்போது என் நாக்கைப் பார்த்துவிட்ட அதன் அம்மா, பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு கேட்டாள்.

"டீச்சர், நீங்க ருசி பாத்த கரண்டியிலயே எம் புள்ளைக்கு ஊட்டுனீங்களா?"

இல்லை என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் மறுநாள் அவள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. வேலைக்கும் போகாமல் பிள்ளையோடு லயத்திலேயே இருந்தாள். வேறு இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு தனிக் கரண்டியும் கொடுத்து அனுப்பினார்கள். நானோ, அந்தக் குழந்தையிடமிருந்துதான் எனக்கு வந்திருக்கும் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

பிறகு போனில் தேடினேன். அதுதான் நான் செய்த தப்பு. கைக்குழந்தைக்கு வாயில் வெள்ளை வருவது சாதாரணம் என்று போட்டிருந்தது. பெரியவர்களுக்கு வந்தால் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். அதற்குக் கீழே ஒன்றையும் நான் வாசிக்கவில்லை. எனக்கு எங்கிருந்து வரும்? மாதத்தில் இரண்டு நாள் மட்டும் வீட்டுக்கு வருகிற மனிதர் மீது புத்தி போய் நின்றது.

தீபாவளிக்கு அவர் வந்தார். கடையிலிருந்து எனக்கொரு சேலை கொண்டுவந்திருந்தார். எதற்கு இவ்வளவு நல்ல சேலை என்று அதையும் சந்தேகப்பட்டேன். அடுப்படியில் அவர் தோளைத் தொட்டபோது நகர்ந்துகொண்டேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் பையைத் துழாவினேன். உடுப்புக்கு அடியில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. படம் எடுத்துக்கொண்டு, அவர் போன பிறகு மஸ்கெலியா டவுனில் மருந்துக் கடை நடத்தும் பாயிடம் காட்டினேன். பாய் சிரித்தார். "இது கேஸ்டிரிக் மாத்திரம்மா. கடைச் சாப்பாடு சாப்பிடுறவங்க எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க." எனக்கு ஆறவில்லை. நான் கண்டுபிடிக்கட்டும் என்று இதை வைத்துவிட்டு வேறொன்றை மறைத்திருப்பார் என்று தோன்றியது.

அடுத்த கிளினிக் நாளில் ஹட்டனில் கண்டி பஸ் ஏறினேன். ஊசியை நிறுத்தச் சொல்வதா, அந்தப் பரிசோதனையைக் கேட்பதா என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். டாக்டரம்மா சிங்களத்தில்தான் பேசுவார், எனக்கும் அது நன்றாக வரும். நான் வாயைத் திறந்து பேசத் தொடங்கியதுமே நாக்கை நீட்டச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டார். கிளினிக்கில் எழுதித் தரும் கொப்பிக்குள் நான் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். ஊசி தொடங்கிய அன்று கொடுத்த தாள். வாயில் வெள்ளை வந்தால் உடனே சொல்லவேண்டும் என்று அதில் இருந்தது. நான் வாசித்ததே இல்லை.

இது பங்கசு என்கிற பூஞ்சை, எல்லோருடைய வாயிலும் கொஞ்சம் இருக்கும், யாரும் யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை என்றார். அது அளவுக்கு மீறினால் உடம்பின் செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக் காவலைக் கூட்டி அடக்கிவிடும். என் தோலில் எதிரியே இல்லாமல் அதே தகவல் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது, அதனால்தான் தோல் வெந்தது. ஊசி அந்தத் தகவலை மறிக்கிறது. தோல் ஆறியது, வாயில் காவல் குறைந்தது. இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார். ஊசியை நிறுத்தத் தேவையில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் வாயைக் காட்டவேண்டும் என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்தி அந்தப் பரிசோதனையைக் கேட்டேன். ஊசி தொடங்குமுன் எடுத்த இரத்தத்திலேயே அதையும் பார்த்தாயிற்று, இல்லை என்று வந்திருக்கிறது என்றார். அது அப்போது, இப்போது எப்படியோ என்றேன். மறுபடி எழுதிக் கொடுத்தார். இம்முறையும் இல்லை என்றுதான் வந்தது. அதற்குள் மாத்திரையில் நாக்கும் தெளிந்துவிட்டது.

மேல் லயத்துக்கு நானே போனேன். கோயில் நேர்த்தி பொய், ஊசி போடுகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதையும் முடிந்தமட்டும் விளக்கினேன். வெள்ளை வருவதற்கு முந்தின வாரம் குழந்தைக்கு இருமல் என்று அன்டிபயட்டிக் கொடுத்தார்களாம், அதனால் வந்திருக்கும் என்று மிட்வைப் சொட்டு மருந்து கொடுத்தாராம். அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீங்க மொதல்லயே ஊசின்னு சொல்லியிருந்தா நான் இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டேன் டீச்சர். மறைக்கிறீங்கன்னுதான் பயந்தேன்."

திங்கட்கிழமை குழந்தையோடு வந்தாள்.

வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் நாள் எடுத்தது. அடுத்த மாதம் அவர் வந்து சாப்பிட்டு முடித்தபின், பையைத் துழாவியது, பரிசோதனை செய்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கையை மட்டும் கழுவிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"நானும் ஒன்னைய நெனச்சேன்," என்றார். "தோல் நல்லாயிருச்சு, புதுச் சட்டை தச்சிருக்க, கிட்ட வந்தா தள்ளிப் போற. இங்க யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மீது கோபப்பட எனக்கென்ன யோக்கியதை என்று கேட்டுக்கொண்ட பிறகும் அது போகவில்லை. மறுநாள் கிளினிக். கூட வருகிறேன் என்று அவராகவே சட்டையை மாட்டினார். ஊசி போடுமுன் டாக்டரம்மா டார்ச் அடித்தபோது, வீட்டுக்காரரும் குனிந்து என் நாக்கை எட்டிப் பார்த்தார்.